இல்லத்தில் ஒரு பவளக் கடல்

கடற்கரைக்கு வெகு தொலைவில், ஒரு மாடி வீட்டின் அறையில், நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே வெப்ப மண்டலக் கடலின் ஒரு சிறு பகுதியைப் பவளங்களும் மீன்களும் நுண்ணுயிர்களுமாக உயிரோடு வைத்துக் காக்க இயலுமா என்பது ஒரு வினா. இயலுமெனில் அவ்வாறு செய்வது தகுமா என்பது மற்றொரு வினா. நன்னீர்த் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் நம் நகரங்களில் நெடுநாளாகப் பரவியிருக்கிறது. சென்னைக் கொளத்தூரில் அதற்கென்றே பெரியதொரு சந்தையும் வளர்ந்திருக்கிறது. அங்கிருந்து உவர்நீர்த் தொட்டிக்கும், உவர்நீர்த் தொட்டியிலிருந்து பவளத் தொட்டிக்கும் மனிதனுடைய ஆசை நகர்வது இயல்பே. ஆனால் முன்னதில் பெற்ற அனுபவம் பின்னதில் பாதி வழிக்கே துணை வரும். ஆறு குளங்களின் நீர் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறிக்கொண்டேயிருப்பது. ஆகையால் அவற்றில் வாழும் மீன்கள் மாறுதலைப் பொறுக்கப் பழகியவை. பவளப் பாறைகளைச் சூழ்ந்த சமுத்திரமோ ஏறக்குறைய ஒரே உவர்ப்பும் ஒரே வெப்பமும் உடையது. அதன் ஜீவராசிகளுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே பவளத் தொட்டியின் சகல நியமங்களும் பிறக்கின்றன.

முன்னோர் கண்ட வழிகள்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீ என்னும் ஊரில் 1846ஆம் ஆண்டில் சில கல் பவளங்களைக் கண்டெடுத்த அன்னா தைன் என்னும் அம்மையார், அவற்றை லண்டனுக்குக் கொண்டுசென்று கண்ணாடிப் பாத்திரங்களில் வைத்துக் காத்தார். பணிப்பெண் ஒருத்தி திறந்த சாளரத்தின் அருகே நின்று அந்தக் கடல்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றி வந்தாள். அடுத்த ஆண்டு கடற்பாசியையும் உடன் வைத்தபோது அந்தப் பவளங்களின் வாழ்வு மேலும் நிலைபெற்றது. செடி பிராணவாயுவை அளிக்க, பிராணி கரியமில வாயுவை அளிக்க, இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் என்னும் சமநிலைத் தத்துவத்தை ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன நிபுணர் 1850இல் வெளியிட்டார். 1853இல் லண்டன் மிருகக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் மண்டபம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், கடல் தொட்டி வைக்கும் மோகத்தை இங்கிலாந்து முழுவதும் பரப்பிவிட்டது.

அந்த மோகத்தின் பலன் என்ன என்பதை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில் துயரத்தோடு பதிவுசெய்திருக்கிறார். தந்தையின் நூலைப் படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்து, பாறைக் குழிகளிலிருந்த உயிரினங்களையெல்லாம் வாரிச் சென்றதனால், அவர் சிறு வயதில் கண்ட கரையழகு மறைந்தே போயிற்று. வீட்டுக் கடலின் சரித்திரம் இவ்வாறு வெளிக் கடலைச் சூறையாடியே தொடங்கியது என்பதை மறக்கலாகாது. நாம் எடுத்துக்கொண்ட இரண்டாவது வினா எழுவதும் இங்கேதான்.

வெப்ப மண்டலப் பவளங்களை வீட்டில் காப்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் கைகூடியது. 1961இல், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர், கடலடியிலிருந்து எடுத்த, நுண்ணுயிர் நிறைந்த, உயிர்ப்பாறை எனப்படும் சுண்ணாம்புப் பாறைகளைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளையும் வெயிலையும் தவிர வேறு சாதனம் ஏதுமின்றிப் பவளங்களை வளர்க்கும் தம் முறையை ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். தூய கடல்நீரும் வெயிலும் எட்டும் இடத்தில் இருந்த அவருக்கு எளிதாக வாய்த்தது, குளிர்நாட்டு நகரங்களில் வாழ்ந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. எனவே மேனாட்டார் அவர் செய்ததன் உட்பொருளைக் கண்டறிந்து, இயந்திரங்களின் உதவியால் அதைத் தங்கள் ஊருக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள முற்பட்டனர்.

1970களில் பீட்டர் வில்கென்ஸ் சுண்ணாம்புத் தெளிநீரைத் தொட்டியில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கல் பவளங்களுக்கு வேண்டிய கால்சியத்தை அளிக்கும் வழியைக் கண்டார். பெர்லின் நகரத்து டீட்ரிஷ் ஷ்ட்யூபர் முதலிய ஆர்வலர்கள் உயிர்ப்பாறை, நுரைப்பிரிப்பான், வலிய விளக்கு, சுண்ணாம்புத் தெளிநீர் ஆகிய நான்கையும் ஒன்றுசேர்த்து, இன்று பெர்லின் முறை என்று வழங்கும் ஏற்பாட்டை வகுத்தனர். மொனாக்கோவில் ழான் ஜோபேர், தடித்த மணற்படுகையின் கீழ் நீர் தேங்கும் ஓர் இடைவெளியை அமைத்து, பிராணவாயு குறைந்த அந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டே கழிவைப் போக்கினார். அமெரிக்காவில் வால்ட்டர் ஏடீ, பாசியை வளர்த்து அறுவடை செய்வதன் மூலம் நீரைச் சுத்திகரித்தார். 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளால் புகழ்பெற்ற சொட்டு வடிகட்டியோ, அம்மோனியாவை விரைந்து மாற்றினாலும் நைட்ரேட்டைத் தேங்கவிட்டமையால், பவளத் தொட்டிகளில் நாளடைவில் கைவிடப்பட்டது. இந்த முறைகள் தம்முள் வேறுபட்டாலும், நீரின் கழிவைப் போக்கும் பெரும்பணியைப் பிற உயிர்களிடமே ஒப்படைத்து, இயந்திரத்தை அவற்றின் துணையாக வைத்த முறைகளே நிலைத்தன என்பது இச்சரித்திரத்தின் சாரம்.

நீரின் இயல்பு

பவளத் தொட்டி வைப்பவர் முதலில் கற்க வேண்டியது நீர். சமுத்திர நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன; 25 டிகிரி செல்சியஸில் அதன் ஒப்படர்த்தி சுமார் 1.026. லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியமும், 1300 மில்லிகிராம் மக்னீசியமும் அதிலுண்டு. தொட்டியிலும் ஏறக்குறைய இந்த அளவுகளையே காக்க வேண்டும். காரத்தன்மை 7 முதல் 9 டிகேஎச் வரையிலும், பிஹெச் 8.1 முதல் 8.3 வரையிலும், வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரையிலும் இருப்பது உத்தமம். ஆயினும் ஒரு குறிப்பிட்ட எண்ணை எட்டுவதைக் காட்டிலும், எட்டிய எண்ணில் நிலைத்திருப்பதே உயிர்களுக்கு நன்மை பயக்கும். காரத்தன்மை எட்டிலேயே ஆண்டு முழுவதும் நிற்கும் தொட்டி தழைக்கும். வாரத்துக்கு வாரம் ஏழுக்கும் பத்துக்கும் இடையே ஊசலாடும் தொட்டியில் பவளங்கள் நலிந்துபோகும்.

உப்பளங்கள் நிறைந்த நம் நாட்டில், தூத்துக்குடி உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. கிடைக்காது. பாத்திகளில் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படிந்து பிரிந்துவிடுகின்றன. அதன்பின் சோடியம் குளோரைடு படிகமாகிறது. மக்னீசியம் செறிந்த கசப்பு நீர் கடைசியில் எஞ்சி வெளியேறுகிறது. ஆகவே நாம் உண்ணும் உப்பு கடலின் ஒரு கூறு மாத்திரமே. பவளத்துக்கு இன்றியமையாத பிற கூறுகள் அதில் இல்லை. நகரக் கடற்கரையில் நேரே முகந்த நீரோ சாக்கடைக் கலப்பும் மழைக்காலத்து ஆற்று வெள்ளமும் சேர்ந்து நம்பத்தகாததாய் இருக்கிறது. இக்காரணங்களால், எல்லாக் கூறுகளையும் உரிய விகிதத்தில் சேர்த்து விற்கப்படும் செயற்கைக் கடலுப்பை, ஆர்.ஓ. கருவியாலும் அதனோடு இணைந்த அயனி நீக்கும் பிசினாலும் தூய்மை செய்த நீரில் கரைத்துக்கொள்வதே பாதுகாப்பான மார்க்கம். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் பாசியைப் பெருக்கும். குழாய் நீரின் குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். செப்புப் பாத்திரத்திலிருந்து கரையும் அற்பத் தாமிரமும் பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சாகும்.

சாதனங்களும் இடமும்

தொட்டி சிறிதாயின் செலவு குறையும் என்பது பாதி உண்மை. தவறு நேர்ந்தால் அதைத் தாங்கும் வலிமையும் குறையும் என்பது மறுபாதி. தொடங்குவோருக்கு இருநூறு லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி ஏற்றது. லிட்டருக்கு ஒரு கிலோவுக்குமேல் எடை வருவதனால், பாறையும் கண்ணாடியும் தாங்கியும் சேர்ந்த மொத்தப் பாரத்தைத் தளம் தாங்குமா என்று பார்த்த பின்பே இடம் தேர வேண்டும். நேர் வெயில் விழும் சாளரத்தருகே தொட்டியை வைப்பது வெப்பத்தை உயர்த்துவதோடு பாசியையும் வளர்க்கும். தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் இரண்டாம் தொட்டி ஒன்றை அமைத்து, நுரைப்பிரிப்பானையும் வெப்பக் கருவியையும் அதனுள் வைத்தால், நீரின் மொத்த அளவும் கூடும், காட்சிக்கும் இடையூறு இராது.

சாதனங்களுள் தலையாயது நுரைப்பிரிப்பான். பவளப் பாறைகளைச் சூழ்ந்த கடல் சத்துப்பொருள் மிகக் குறைந்தது. அந்த வறுமையே அங்குப் பாசியை அடக்கிப் பவளத்துக்கு இடம் தருகிறது. மீனுக்கு உணவிடும் தொட்டியிலோ சத்து மிகுந்துவிடும். மிக நுண்ணிய குமிழிகளை நீர்த்தூணில் செலுத்தினால், புரதம் முதலிய கரிமப் பொருள்கள் அந்தக் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாய் மேலேறிக் கிண்ணத்தில் வடிகின்றன. அவை அழுகி அம்மோனியாவாகும் முன்பே நீங்கிவிடுவதுதான் இக்கருவியின் விசேஷம். அடுத்தது விளக்கு. கல் பவளத்தின் திசுக்களுள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதன் பெரும்பகுதியைப் பவளத்துக்கே அளிக்கின்றன. ஆகையால் ஒளியே அதற்கு முதல் உணவு. முன்னாளில் மெட்டல் ஹாலைடு விளக்குகள் செய்த பணியை இப்போது நீல ஒளி மிகுந்த எல்.இ.டி. விளக்குகள் குறைந்த வெப்பத்தோடும் குறைந்த மின்செலவோடும் செய்கின்றன. மூன்றாவது நீரோட்டம், ஓடாத நீரில் பவளத்தின் மீது கழிவு படிந்து திசு அழுகிவிடும்.

நம் சீதோஷ்ணத்தில் வெப்பக் கருவியைவிடக் குளிர்விக்கும் கருவிக்கே அவசியம் அதிகம். கோடையில் அறையின் வெப்பம் 35 டிகிரியைக் கடக்கும்போது தொட்டி நீரும் முப்பதைத் தாண்டிவிடும். அந்நிலை நீடித்தால் பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகும். சில்லர் வாங்கும் சக்தி இல்லாதவர் நீரின் மேல் விசிறியை ஓடவிட்டு இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம். ஆனால் அதனால் நீர் வேகமாக ஆவியாகும். மின்தடை நேரத்தில் நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்துக்குள் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். பேட்டரியில் இயங்கும் காற்றுக் கருவி ஒன்றை வாங்கிவைக்காமல் பவளத் தொட்டி தொடங்குவது விவேகமன்று.

காலமும் காவலும்

புதுத் தொட்டியில் நீரும் மணலும் பாறையும் இட்டவுடன் உயிர்களை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாறையின் ஆழ்துளைகளில் பிராணவாயுவின்றி வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. பாலுக்கு உறை ஊற்றுவதைப்போல, நலமாக இயங்கும் பழைய தொட்டியிலிருந்து சிறிது மணலோ பாறைத்துண்டோ இட்டால் இந்த நுண்ணுயிர்க் குடி விரைவில் பெருகும். எனினும் அது நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் காணப்படாத நிலை வந்த பின்பே முதல் மீன் வரலாம். எளிதில் நலியும் கல் பவளங்களுக்கோ பல மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

அதன்பின் வரும் அன்றாடக் கடமைகள் எளியவை. தவறாமல் செய்வதே அரிது. ஆவியாவது வெறும் நீரே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய உப்பில்லாத தூய நீரையே நாள்தோறும் சேர்க்க வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதும், காரத்தன்மையைச் சோதிப்பதும் பழக்கமாக வேண்டும். கல் பவளங்கள் தம் எலும்புக்கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் காரத்தன்மையையும் மாறாத விகிதத்தில், அதாவது 2.8 டிகேஎச்சுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் என்னும் கணக்கில் உட்கொள்கின்றன. ஆதலால் இரண்டையும் சேர்த்தே ஈடுசெய்ய வேண்டும். சுண்ணாம்புத் தெளிநீர் இவ்விரண்டையும் அதே விகிதத்தில் தருவது அதன் சிறப்பு. அதன் காரம் கடுமையானதாகையால் சொட்டுச் சொட்டாகவே அதைச் சேர்க்க வேண்டும்.

புதிய மீன் ஒவ்வொன்றையும் தனித் தொட்டியில் குறைந்தது நான்கு வாரங்கள் வைத்துப் பார்த்த பின்பே பெரிய தொட்டியில் விட வேண்டும். வெண்புள்ளி நோய்க்குரிய தாமிர மருந்தைப் பவளத் தொட்டியில் கலக்க முடியாது என்பதே இதற்குக் காரணம். மனிதருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: சோவாந்திடு எனப்படும் பொத்தான் போன்ற பவள இனத்தில் சில, பாலிடாக்ஸின் என்னும் கொடிய விஷத்தை உடையன. அவற்றைக் கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடக் கூடாது. அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்கக் கூடாது, ஏனெனில் அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு நோயுற்றவர்கள் உண்டு.

தகுமா என்னும் வினா

இப்போது இரண்டாவது வினாவுக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் கடல்களில் 1960களிலிருந்து, மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு தெளிக்கும் வழக்கம் பரவி, மீனோடு பவளத்தையும் அழித்தது. வேண்டாமென்று கொட்டப்பட்ட தொட்டி உயிர்களும் தீங்கு செய்திருக்கின்றன: மொனாக்கோவின் கரையருகே 1984இல் காணப்பட்ட காலெர்ப்பா என்னும் பாசி மத்தியதரைக் கடலடியில் பரந்து பரவியது, இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் 1985இல் ஃபுளோரிடாவில் தென்பட்டு, இன்று கரீபியக் கடல் முழுவதிலும் சிறு மீன்களைத் தின்று வருகிறது. பவளப் பூச்சிகளையே உண்டு வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் பல, தொட்டியில் பட்டினியால் மடிவதற்கென்றே விற்கப்படுகின்றன.

தமிழ்நாட்டினருக்கு இவ்வினா வெகு அருகில் நிற்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியாயின. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டியெடுத்ததன் விளைவாக, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலில் அமிழ்ந்துபோயின. கல் பவளங்கள் யாவும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டுப் பவளத்தையோ அது ஒட்டிய பாறையையோ எடுப்பதும் விற்பதும் குற்றம். வாங்குபவர் அக்குற்றத்துக்கு உடந்தையாகிறார். நுண்துளை மிகுந்த உலர்பாறையையும் செயற்கைப் பாறையையும் நுண்ணுயிர் ஏற்றிப் பயன்படுத்தினால் அதே காரியம் நடக்குமாதலால், கடலிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமும் இன்று இல்லை.

மீனுக்கும் இதே மாற்றம் வந்துவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை நிலைநாட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த கோமாளி மீன் தொட்டி உணவுக்குப் பழகியது. கடலிலிருந்து பிடித்ததைவிட உறுதியாக வாழ்வது. 2015இல் ஹவாய்த் தீவுகளில், வளர்ப்பதற்கு மிகக் கடினமென்று கருதப்பட்ட மஞ்சள் டேங் மீனையும் குஞ்சிலிருந்து வளர்த்துக் காட்டினர்.

மறுபுறம், தொட்டியில் கற்ற வித்தை கடலுக்கே உதவும் காலமும் வந்திருக்கிறது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர், நிலவொளி, கதிரவன் ஒளி, வெப்பம் ஆகியவற்றின் பருவ மாறுதல்களைத் தொட்டியில் போலச்செய்து, 2013 முதல் பவளங்களை முன்கூட்டியே திட்டமிட்டு முட்டையிடச் செய்தனர். 2023 கோடையில் ஃபுளோரிடாவின் கடல்நீர் கொதித்தபோது, கடலில் அமைத்த நாற்றங்கால்களில் வளர்ந்துவந்த பவளங்களைக் கரையிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுவந்து காப்பாற்றினர். நுரைப்பிரிப்பானையும் சுண்ணாம்புத் தெளிநீரையும் வீட்டறைகளில் சோதித்துப் பார்த்த ஆர்வலர்களின் உழைப்பின்றி இவ்வறிவு இத்துணை விரைவில் திரண்டிருக்குமா என்பது ஐயமே.

முடிவு

ஆகவே முதல் வினாவுக்கு விடை, இயலும் என்பதே. நீரை அறிந்து, நிலையாகக் காத்து, காலத்துக்குக் காத்திருப்பவர்க்கு இயலும். இரண்டாவது வினாவுக்கு விடை நிபந்தனையோடு கூடியது: கடலிலிருந்து எதையும் பறிக்காமலும், கடலில் எதையும் கொட்டாமலும் வைக்கும் தொட்டியே தகும். தமிழ்நாட்டில் இக்கலையைத் தொடங்க விரும்புவோர் பவளத்தை ஒரு புறம் வைத்துவிட்டு, செயற்கைப் பாறையும் பண்ணையில் பிறந்த ஓரிணைக் கோமாளி மீன்களும் கொண்ட உவர்நீர்த் தொட்டியை ஓராண்டு காலம் நடத்திப் பார்க்கட்டும். மின்தடையும் கோடையும் கடந்து அந்த இரு மீன்களையும் நலமாக வைத்திருப்பவர், இக்கலையின் சாரத்தை அறிந்தவராகிவிடுவார். பவளத்தைக் காண விழைவோர் மன்னார் வளைகுடாவுக்குச் சென்று காணலாம். அதை அங்கேயே விட்டுவைப்பது நம் கடமை.